லாஸ்பேட்டைக்கு ஒரு மணி நேரம்

1

பிரான்சின் துலூஸ் நகரத்தில் ஒரு விமானத் தொழிற்சாலையை ஒட்டியிருக்கும் கேன்டீனில் நான் சமையல்காரன். வெள்ளிக்கிழமைகளில் இங்கே மீன் போடுவோம். புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்த எனக்கு இந்த மீனைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. உறைந்த வெள்ளைத் துண்டுகள். முள்ளும் இல்லை, வாசனையும் இல்லை.

போன மாதக் கடைசியில், கோடை விடுமுறை முடிந்து கேன்டீன் திறந்த வெள்ளிக்கிழமை, ஜெரார் என்கிற பொருத்துநர் தட்டோடு என் எதிரே நின்றார். இரட்டை விசிறி வைத்த சின்ன விமானங்களுக்கு இறக்கை பொருத்துகிற பிரிவு அவருடையது. பல வருடங்களாக அவருக்குச் சோறு போடுகிறேன்.

"உன் ஊருக்கு எங்கள் விமானம் போகிறதாமே?" என்றார்.

"போகிறது. பெங்களூரிலிருந்து வருகிறது. எங்கள் ஓடுபாதை சின்னது, பெரிய விமானம் இறங்க முடியாது. உங்களுடையது இறங்கும்."

அவருக்குச் சந்தோஷம். கைபேசியை எடுத்து ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் நடுவில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்லுமாம். துலூஸ், புதுச்சேரி என்று போட்டார். ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட என்று வந்தது. ஒரு கோடும் போட்டுக் காட்டியது. துருக்கிக்கு மேலே ஏறி, ஈரானைத் தாண்டி, நேராக எங்கள் ஊர் லாஸ்பேட்டையில் இறங்கியது அந்தக் கோடு.

"அப்படி ஒரு விமானமே இல்லை," என்றேன். "முதலில் பாரீஸ். அங்கே காத்திருந்து சென்னை. அங்கிருந்து கடற்கரைச் சாலையில் கார். வீட்டு வாசலில் கால் வைக்கும்போது ஒரு நாள் முழுசாகப் போயிருக்கும்."

"பாவம், தூரம்தான்," என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். பின்னால் வரிசை நின்றது.

அந்த வாரம்தான் என் தங்கை மகள் கீர்த்தனாவுக்கு முதல் கல்யாண நாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கல்யாண வீடியோவைத் துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் திறக்கவில்லை. தூரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதிவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

2

நான் பிரான்சுக்கு வந்தது படித்து அல்ல, கல்யாணம் செய்துகொண்டு. என் மனைவி கஸ்தூரியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அந்த வீடுகளைச் சொல்தா வீடு என்பார்கள். அந்த வீட்டில் பெண் எடுத்தால் மாப்பிள்ளைக்கும் ஒருநாள் பிரெஞ்சு பாஸ்போர்ட் வரும் என்பது ஊரறிந்த விஷயம். எனக்கும் வந்தது, பல வருடம் கழித்து, பல அலுவலக ஜன்னல்களுக்கு முன்னால் நின்று.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றால் இங்கே எந்த அலுவலகமும் நம்பாது. அப்பா பெயர் கோவிந்தசாமி. அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டார்கள். சேகர் என்கிற என்னை இந்த நாடு இன்றைக்கும் மிஸ்யே கோவிந்தசாமி என்றுதான் கூப்பிடுகிறது. மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற கஸ்தூரி, மருத்துவமனையில் மதாம் கோவிந்தசாமி என்று கூப்பிட்டால் எழுந்து போகவேண்டும். என் மகள் தாராவைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கோவிந்தா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு அது பெயராகவே பழகிவிட்டது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊரில் எனக்கு இருந்தது ஒரே தங்கை, அஞ்சலை. அவள் வீட்டுக்காரர் பழனி. விசைப்படகில் பங்கு வைத்திருக்கிறார், அதிகம் பேசாத மனுஷன். அவர்களுக்கு ஒரே பெண் கீர்த்தனா. வீட்டுக்கு வருகிறேன் என்று நான் சொன்னால் அது அஞ்சலை வீடுதான்.

கீர்த்தனாவுக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்தாள். அதற்காகவே வந்துவிட்டு நாலே நாளில் திரும்பிப் போனேன். அவள் வீறிட்டு அழுது என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆசாரி அடுத்த காதைப் பிடித்தபோது அஞ்சலை என்னிடம், "கல்யாணத்துக்கும் நீதான் பட்டம் கட்டணும். எங்க இருந்தாலும் வந்துரணும்," என்றாள். வருகிறேன் என்றேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி மணையில் உட்கார வைக்கவேண்டும். தாய்மாமன் இல்லாத பெண்ணுக்குத்தான் பங்காளி யாராவது நிற்பார்கள்.

3

ஊரிலிருந்து போன் செய்கிற எவரும் முதலில் கேட்பது, வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான். பழனி கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், ரேஷன் கடைக்காரர்கூட ஒருமுறை கேட்டார். ஒரு நாள் ஆகும் என்றால், "அடேயப்பா" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சில் எனக்கு ஒரு மரியாதை இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாஸ்பேட்டை விமான நிலையம் எங்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருள் மாதிரி. விமானம் வரும் என்பார்கள். வரும். கொஞ்ச நாளில் நின்றுபோகும். மறுபடி வரும். நான் படித்த காலத்தில் அந்த ஓடுபாதையின் வேலிக்கு வெளியே நின்று சும்மா புல்லைப் பார்த்துவிட்டு வருவோம். கீர்த்தனா கல்யாணத்துக்குச் சில மாதம் முன்னால் மறுபடியும் பெங்களூர் விமானம் விட்டபோது நான் அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

"உங்க ஊர்ல எறங்குதே, அந்த பிளேன எங்க ஊர்லதான் செய்றாங்க. அத செய்றவங்களுக்கு நான்தான் சோறு போடுறேன்."

"அப்ப நீ செஞ்ச மாதிரிதான்," என்றாள். "இனிமே பெங்களூர் வந்துட்டன்னா ஒரு மணி நேரத்துல வூட்டுக்கு வந்துருவ."

"ஆமா. ஒரு மணி நேரம்தான்."

4

தாராவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவள் இங்கே பிறந்தவள். பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். தமிழ் பேசுவாள். மரியாதைக்கு எல்லாரையும் "நீங்க" என்பாள், பூனையைக்கூட. சின்ன வயதில் கோடை விடுமுறைகளை அஞ்சலை வீட்டில்தான் கழித்தாள். அத்தை மீன் கழுவுகிறபோது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செவுளைப் பிரித்துப் பார்ப்பாள். வளர்ந்த பிறகு விடுமுறைகள் வேறு பக்கம் போய்விட்டன. அத்தையோடு போனில் பேசும்போது, "நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா," என்பதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஜூலியன் என்கிற பையனோடு சேர்ந்து வாழ ஆரம்பித்தாள். கொஞ்ச நாள் கழித்து இருவரும் மேரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போய் "பாக்ஸ்" செய்துகொண்டார்கள். நாங்கள் சேர்ந்து குடும்பம் நடத்துகிறோம் என்று அரசாங்கத்திடம் கையெழுத்துப் போடுகிற ஏற்பாடு அது. கல்யாணம் அல்ல. வரி, வீடு, காப்பீடு எல்லாவற்றிலும் அநேகமாகக் கல்யாணம் மாதிரிதான். அன்றைக்குச் சாயங்காலம் எங்களுக்கு விருந்து வைத்தார்கள். கஸ்தூரி புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வீடு திரும்பியதும் அதை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

இதை அஞ்சலையிடம் மறைக்க எனக்குத் தோன்றவில்லை. போனில் சொன்னேன்.

"கல்யாணம் மாதிரிதாம்மா. ஆனா கல்யாணம் இல்ல."

"மாதிரின்னா?"

"கையெழுத்து போட்டிருக்காங்க."

"தாலி?"

"தாலி இல்ல."

"அப்ப இன்னா மாதிரிண்ணா?"

எனக்கு அதற்கு மேல் மொழிபெயர்க்கத் தெரியவில்லை. அவளும் விட்டுவிட்டாள். அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

5

போன வருடம் ஆகஸ்டில் கேன்டீன் மூடியிருந்தது. தொழிற்சாலைக்கே விடுமுறை; அதன் கடைசியோடு என் விடுப்பையும் சேர்த்துக்கொண்டேன். கஸ்தூரியின் தம்பி பெங்களூரில் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தான். முதலில் அங்கே சில நாள், பிறகு புதுச்சேரியில் அஞ்சலை வீட்டில் இரண்டு வாரம் என்று திட்டம். கீர்த்தனாவுக்குப் பக்கத்து மீனவர் கிராமமான நல்லவாட்டில் ஒரு பையனைப் பேசியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். "தை மாசத்துல வெச்சிக்கலாம்னு இருக்கோம்," என்று அஞ்சலை சொல்லியிருந்தாள். தைக்கு மறுபடியும் வருவதற்கு மேலாளரிடம் விடுப்புகூடக் கேட்டு வைத்துவிட்டேன்.

பெங்களூரில் இறங்கியதும் அஞ்சலைக்குப் போன் செய்தேன்.

"இந்த வாரம் வராதண்ணா," என்றாள். "அவருக்கு ஒரு வேண்டுதல். திருப்பதிக்குப் போறோம். வூடு பூட்டியிருக்கும். அடுத்த வாரம் வா."

சரி என்றேன். கஸ்தூரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "இங்கயே இருந்துட்டுப் போலாமே, தம்பிக்கும் சந்தோஷமா இருக்கும்," என்றாள்.

கிரகப்பிரவேசம் முடிந்த மூன்றாம் நாள் காலை. மைத்துனன் வீட்டு மாடியில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். பிரான்சில் அப்போதுதான் விடிந்திருக்கும். தாராவிடமிருந்து போன் வந்தது. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவள் ஒருபோதும் கூப்பிடுவதில்லை.

"பப்பா, போட்டோல நீங்க எங்க நிக்கிறீங்க? தேடித் தேடிப் பார்த்தேன். கீர்த்தனா பக்கத்துல வேற ஒருத்தர் நிக்கிறாங்க."

"எந்த போட்டோ?"

"கல்யாணம் பப்பா. கீர்த்தனா கல்யாணம். அவங்க ஃப்ரெண்ட் ஒருத்தங்க இன்னைக்குக் காலையில போட்டிருக்காங்க. நீங்க பாண்டில இல்லையா?"

"அனுப்பும்மா," என்றேன்.

வந்தது. அரக்குப் பட்டில் கீர்த்தனா. கழுத்தில் மாலை. அவள் நெற்றியில் பட்டம் கட்டிக்கொண்டிருந்தது எங்கள் பெரியப்பா மகன் ஞானவேல். பழனி சட்டையில்லாமல் அங்கவஸ்திரத்தோடு நிற்கிறார். அஞ்சலை சிரித்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு படத்தில் தாலி ஏறிக்கொண்டிருந்தது.

கீழே போய்ப் பையை எடுத்தேன். கஸ்தூரி அறைக்குள் வந்து கதவருகில் நின்றாள். போட்டோவை அவளிடம் காட்டினேன். "ஏதாவது அவசரமா இருந்திருக்கும்," என்றாள். அவள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மதியம் கிளம்பிய விமானத்தில் இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம். விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஜெரார் மாதிரி யாரோ ஒருவர் பொருத்திய இறக்கை என் கண்ணுக்கு நேராக இருந்தது. இருநூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் வான்வழி. மேகத்துக்கு மேலே ஏறினோம், தண்ணீர் கொடுத்தார்கள், இறங்கப் போகிறோம் என்றார்கள். ஏரிகள் தெரிந்தன. அப்புறம் கடல். அவ்வளவுதான். பக்கத்துச் சீட்டுப் பெண் தூங்கி எழுவதற்குள் சக்கரம் லாஸ்பேட்டையைத் தொட்டுவிட்டது.

வழியெல்லாம் அஞ்சலைக்காக நானே காரணம் தேடிக்கொண்டு வந்தேன். பையன் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருக்கும், முகூர்த்தத்தை முன்னால் தள்ளியிருப்பார்கள், நான் பிரான்சில் இருப்பதாகவே நினைத்து மறந்திருப்பார்கள் என்று. ஆனால் என்னிடம் பேசிய சில நாளிலேயே ஒரு கல்யாணம் முளைத்துவிடாது. அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

6

போட்டோவில் பெயர் தெரிந்த மண்டபம் முத்தியால்பேட்டையில். விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம். பெரும்பாலான கூட்டம் போய்விட்டிருந்தது. வாசலில் வாழை மரத்தின் இலைகள் வெயிலில் வாடியிருந்தன. பெண்ணையும் மாப்பிள்ளையையும் நல்லவாட்டுக்கு அனுப்பக் காரை அலங்கரித்து நிறுத்தியிருந்தார்கள்.

படியேறும்போதே வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் கைகூப்பினார். மாப்பிள்ளையின் அப்பா. "வாங்க, வாங்க. யாரு, பொண்ணு வூட்டுக்காரங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது. ஒரு கணம்தான். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"இவுரு எங்க தெரு அண்ணன். பெங்களூர்ல இருக்காரு. இப்பதான் வர்றாரு."

"அப்டியா? சாப்டாம போயிடாதீங்க," என்றார் அவர்.

நான் மறுத்துப் பேசியிருக்கலாம். இந்த ஒரு வருடத்தில் நூறு முறை மனதுக்குள் பேசிவிட்டேன். அன்றைக்கு, பெண்ணை ஏற்றிவிடக் கார் நிற்கிறது. நான் யாரென்று சொன்னால் அஞ்சலை பொய் சொன்னாள் என்றாகும். தலையை ஆட்டினேன். அதற்குள் கீர்த்தனாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறினாள்.

கடைசிப் பந்தியில் என்னை உட்கார வைத்தார்கள். பழனியே வந்து பரிமாறினார். சாம்பார் வாளியைப் பிடித்திருந்த கையை மட்டும்தான் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஞானவேல் வந்து எதிரில் நின்று, "என்ன ஒண்ணும் நெனச்சிக்காத. கூப்டாங்க, நின்னேன்," என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்றைக்கும் இல்லை.

சாப்பிட்டு எழுந்ததும் அஞ்சலை என்னை மாடிப்படிக்குக் கீழே அழைத்துப் போனாள். அங்கே வாடகைப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"அண்ணா, சத்தம் போடாத."

"நான் சத்தம் போடலியே."

"அவுங்க ஊர்ல பெரிய வூடு. பஞ்சாயத்துல ஒக்கார்றவுங்க. மாமன் பொண்ணு இன்னா பண்ணுது, எங்க கட்டிக் குடுத்தீங்கன்னு கேட்டா நீ இன்னா சொல்லுவ? ஒனக்குப் பொய் சொல்ல வராது. நடந்தத அப்டியே சொல்லிடுவ."

"சொன்னா?"

"சொன்னா சம்பந்தம் போயிடும். எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணுண்ணா."

"அதனால?"

"நீ பிரான்சுல இருக்கன்னு சொன்னோம். லீவு கெடைக்கலன்னு சொன்னோம். தூரம்னு சொல்லிட்டா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

"நான் பெங்களூர்ல இருந்தேன் அஞ்சலை. ஒரு மணி நேரம்."

"தெரியும்ணா," என்றாள்.

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. அந்த ஒரு வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. மறந்திருந்தால், பிரான்சிலேயே நான் இருந்திருந்தால், வயிற்றெரிச்சலோடு போயிருக்கும். தெரிந்து, கணக்குப் போட்டு, அந்த ஒரு மணி நேரத்தை எட்டாயிரம் கிலோமீட்டர் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறாள்.

நான் படியில் கை வைத்து நின்றேன். அவள் என்னைச் சமாதானம் செய்வதாக நினைத்து அடுத்ததைச் சொன்னாள்.

"நாங்களா செய்யலண்ணா. அண்ணியக் கேட்டுட்டுதான் செஞ்சோம்."

7

அன்று அஞ்சலை வீட்டில் தங்கவில்லை. அவள் கூப்பிட்டாள், நான் வரவில்லை என்றேன். மிஷன் வீதிப் பக்கம் ஒரு லாட்ஜுக்குப் போனேன். பிறந்த ஊரில் லாட்ஜில் தங்குவது அதுதான் முதல் முறை. வரவேற்பு மேசையில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ஃபாரினர் சார் நீங்க. போலீசுக்கு சி ஃபார்ம் போடணும். இந்தியாவுல எதுக்கு வந்திருக்கீங்க?"

"தங்கச்சி பொண்ணு கல்யாணம்."

"எங்க சார்?"

"முத்தியால்பேட்டை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த லாட்ஜிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்.

மறுநாள் விமானத்தில் பெங்களூர் திரும்பினேன். கஸ்தூரி மைத்துனன் வீட்டு அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"அஞ்சலை போன்ல அழுதுச்சு. பொண்ணு வாழ்க்க அண்ணின்னு அழுதுச்சு. நம்ம பொண்ணாலதானே அதுங்களுக்கு இந்தக் கஷ்டம்னு எனக்குக் குத்தமா இருந்துச்சு. நான் இன்னான்னு மறுக்கறது?"

"எப்ப பேசுனா?"

"நாம டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி."

அப்படியென்றால் துலூஸில் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, புதுச்சேரியில் யார் யாருக்கு என்ன வாங்குவது என்று நான் பேசிக்கொண்டிருந்தபோதே அவளுக்குத் தெரியும். கீர்த்தனாவின் தைக் கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் பட்டு எடுக்கலாம் என்று அவளிடம்தான் யோசனை கேட்டேன். அரக்கு என்று சொன்னாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் போகாம இருந்திருப்பேன்."

"இருந்திருக்க மாட்டீங்க," என்றாள். அதுவும் உண்மைதான்.

அதன் பிறகும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். காலையில் நான் கிளம்பும்போது அவள் டிபன் கட்டிக் கொடுக்கிறாள், சாயங்காலம் ஒன்றாகத் தொலைக்காட்சி பார்க்கிறோம். அவளுக்கு ஊரிலிருந்து போன் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். முன்பெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசுவாள். தாராவிடம் மட்டும் காரணத்தைச் சொல்லவில்லை. முகூர்த்தம் திடீரென்று முன்னால் வந்துவிட்டது, எங்களால் போய்ச் சேர முடியவில்லை என்று சொல்லிவைத்தோம். அந்த ஒரு பொய்யில் நானும் கஸ்தூரியும் சேர்ந்து நின்றோம்.

8

கல்யாண நாள் வீடியோக்கள் வந்த அதே வாரம், ஒரு வருடத்துக்குப் பிறகு அஞ்சலை என்னைக் கூப்பிட்டாள். கீர்த்தனாவும் மாப்பிள்ளை சதீஷும் பிரான்ஸ் பார்க்க வர ஆசைப்படுகிறார்களாம். விசாவுக்கு, இன்னார் என் வீட்டில் தங்குவார் என்று இங்குள்ள மேரியில் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் வாங்கி அனுப்பவேண்டும். உறவுக்காரர் கொடுத்தால் சுலபம்.

"மாமன் நீ இருக்கும்போது வேற யாரண்ணா கேக்கறது?" என்றாள்.

"மாப்பிள்ளைய பேசச் சொல்லு," என்றேன்.

சதீஷ் மறுநாள் பேசினான். தன்மையான பையன். ஏதோ கம்பெனியில் இன்ஜினியர். எடுத்ததும், "மாமா, அன்னிக்கு மண்டபத்துக்கு வந்தது நீங்கதான்னு தெரியும்," என்றான். "கீர்த்தனா மறுநாளே சொல்லிட்டா. ஏன் மறைச்சாங்கன்னும் சொன்னா."

கைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"இதுல இன்னா வேடிக்கைன்னா மாமா, எங்க அக்காவும் அப்டிதான் இருக்கு. பெங்களூர்ல ஒரு மலையாளியோட. கல்யாணம்லாம் இல்ல. உங்க வீட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணு தர மாட்டீங்கன்னு எங்கப்பா மறைச்சிட்டாரு. அக்காவக் கல்யாணத்துக்கே கூப்புடல. துபாய்ல இருக்குன்னு சொல்லி வெச்சோம். அடுத்த மாசம் எல்லாம் வெளிய வந்துடுச்சு. ரெண்டு வூட்டுலயும் சிரிச்சிக்கிட்டோம்."

எனக்கு அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. அன்று காலை நான் மைத்துனன் வீட்டு மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவளும் அதே பெங்களூரில் எங்கோ ஒரு வீட்டில், தம்பி இந்நேரம் தாலி கட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதே விமானம் அவளுக்கும் இருந்தது.

"சிரிச்சீங்களா?" என்றேன்.

"இல்ல மாமா, அப்டி இல்ல..."

"ஒரு மாசத்துல தெரிஞ்சிடுச்சு. அப்புறம் பதினோரு மாசமா ஏம்பா எனக்கு யாரும் சொல்லல?"

"அத்தை சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றான்.

"சரி. வாங்க ரெண்டு பேரும். என் வீடு சின்னது. தாரா வீட்டுல ஒரு ரூம் இருக்கு, அவளே கையெழுத்து போடுவா. அஞ்சலைய தாராவுக்குப் போன் பண்ணி ஒரு வார்த்த கேக்கச் சொல்லு. அது போதும்."

பழிவாங்குவதற்காக அப்படிச் சொன்னேனா என்று கஸ்தூரி கேட்டாள். இருக்கலாம். ஆனால் அவர்கள் வந்து தாராவின் மேசையில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்கிற ஆசையும் இருந்தது. மறைத்து வைத்த பெண்ணை அவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டும்.

தாராவிடம் சொன்னபோது அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அன்றே மேரியில் நேரம் வாங்கிவிட்டாள். சின்ன அறையில் சைக்கிளும் பெட்டிகளுமாகக் கிடந்ததை ஜூலியன் ஒரே நாளில் காலி செய்தான். கடையில் இரட்டைக் கட்டில் வாங்கி வந்து பொருத்தினார்கள். "பப்பா, அவங்க காலையில டீயா காபியா? அத்தை வைக்கிற மாதிரி நான் கொழம்பு வைக்கணும், நீங்க சொல்லிக் குடுங்க," என்று தினமும் போன்.

இரண்டு வாரம் போயிற்று. ஊரிலிருந்து அவளுக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அவுங்க பாரீஸ்ல வேற ஒருத்தரப் பாத்துட்டாங்க. சதீஷோட கூட்டாளிக்குத் தெரிஞ்சவங்களாம். அவுங்க பேப்பர் தர்றாங்க."

"தாராவுக்கு ஏன் போன் பண்ணல?"

"தாரா பேரும் அந்தப் பையன் பேரும் போட்ட பேப்பரு. நல்லவாட்டுல நாலு பேரு பாத்துட்டு யாரு இதுன்னு கேட்டா இன்னான்னு சொல்றதுன்னு அஞ்சலைக்கு யோசனையா இருக்காம்."

"இப்பதான் எல்லாருக்கும் எல்லாம் தெரியுமே."

"வூட்டுக்குள்ள தெரியும். ஊருக்குத் தெரியாதில்ல," என்றாள்.

அன்று மாலை தாரா வீட்டுக்கு நானே போனேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. அவள் கதவைத் திறந்ததும் அந்த அறைக்குத்தான் அழைத்துப் போனாள். புது மெத்தை விரிப்பு, ஜன்னலில் ஒரு சின்னச் செடி. அங்கே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன வருடக் கல்யாணம், மண்டபம், அத்தை சொன்ன காரணம், இப்போது பாரீஸ். தமிழில் ஆரம்பித்துப் பாதியில் பிரெஞ்சுக்கு மாறிவிட்டேன். இந்த மாதிரி விஷயங்களை எனக்குப் பிரெஞ்சில் சொல்லத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு தமிழிலேயே கேட்டாள். "அப்போ என்னாலயா பப்பா நீங்க அங்க நிக்கல?"

"உன்னால இல்லம்மா."

அவள் நம்பவில்லை. நான் சொன்ன விதத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஜூலியன் வாசலில் நின்று எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தான். தாரா மேரிக்குப் போன் செய்து வாங்கிய நேரத்தை ரத்து செய்யவேண்டும் என்றாள், ஞாயிற்றுக்கிழமை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று அவளே சொல்லிக்கொண்டாள். மெத்தை விரிப்பை உருவி மடிக்க ஆரம்பித்தாள். விளிம்போடு விளிம்பு சேரவில்லை. மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

நான் ஜூலியனிடம் திருப்புளி இருக்கிறதா என்று கேட்டேன். அவன் கொண்டுவந்தான். அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் தரையில் உட்கார்ந்து கட்டிலின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தாரா அவற்றை வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டாள்.